புள்ளித்திட்டத்தில் இல்லாத பூசணிக்காய்

1.

“டீச்சர், இது சோதனையா, பேச்சுப் போட்டியா? வசனமா விடை எழுதினா யாரு புள்ளி போடுறது?”

“வாசிச்சிப் பாத்து நீங்கதான் சேர் போடணும்.”

“நான் போடுவேன். மத்த ஸ்கூல் ஆக்கள்? அவங்களுக்குப் புள்ளித்திட்டத்துல ஈக்கிறது மட்டுந்தான் விடை!”

இந்தக் கதை பிறந்தது உக்குவளையில், ஒரு போட்டோகொப்பிக் கடையில். கரண்ட் பில்லைக் கொப்பி எடுக்க நான் பின்னால் நின்றேன். சண்டை பிடித்தவர்கள் கணித ஆசிரியர்கள், ஷிரானியும் நப்லானும். [பெயர்கள் நான் வைத்தவை.] நாலு பள்ளிக்கூடங்களுக்குப் பொதுவான ஓ/எல் பரீட்சை மாதிரி வினாத்தாளை அச்சடிக்க வந்திருந்தார்கள். ஷிரானி டீச்சர் தயாரிக்கும் முதல் தாள் இதுதான். இதில் பிழை விட்டால் இரண்டாவது கிடைக்காது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஷிரானிக்குச் சின்ன வயதிலேயே கணக்கென்றால்...’ வேண்டாம். அதை யாரும் நம்பமாட்டார்கள்.

டீச்சர் கையில் மூன்று நாட்டுத் தாள்கள் இருந்தன. நம் ஓ/எல் தாளில் இரண்டு தாயங்களை, அதாவது வரிசையாக அடுக்கிய எண் கட்டங்களை (மெட்ரிக்ஸ்), கொடுத்துப் பெருக்கச் சொல்வார்கள், சுத்தமான வேலை. இந்தியாவின் பன்னிரண்டாம் வகுப்பில் மூன்று சமன்பாடுகளைத் தாயமாக்கித் தீர்க்கச் சொல்வார்கள்; பொறுமை வேண்டும். லண்டன் உயர்தரத் தாளோ, ஒரு தாயம் முக்கோணத்தை எங்கே திருப்பி வைக்கிறது என்று கேட்கும். மூன்றின் மீதும் டீச்சருக்கு ஆசை. மூன்றையும் பார்த்தபின் நாலாவதாக ஒன்று கேட்கத் தோன்றியது.

தாயம் A: பாப்பம்மா, ஹமீமா என்ற இரண்டு விவசாயிகள் பறித்த பூசணி, கத்தரி, கிலோவில். தாயம் B: அவற்றின் கிலோ விலை, தம்புள்ளை, கலேவெல சந்தைகளில். இரண்டையும் பெருக்கிய AB, யார் எங்கே விற்றால் எவ்வளவு காசு என்று சொல்லும். கடைசி வரி: ‘BA-யையும் பெருக்கலாம். அதற்கு அர்த்தம் உண்டா? காரணம் தருக.’

திருத்துபவர்களுக்கான புள்ளித்திட்டத்தில் அவர் எழுதிய விடை: அர்த்தம் இல்லை.

3.

[நப்லானை முரடராக எழுதி அழித்துவிட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.]

கேள்வி பிழை என்று காட்டத்தான் அவர் கழிவுத் தாளின் பின்பக்கத்தில் BA-யைப் பெருக்கினார். பாதியில் பேனா நின்றது.

“டீச்சர், முதல் எண்ணப் பாருங்க. பாப்பம்மா பூசணிய தம்புள்ளையில விக்கிறாங்க, ஹமீமா கலேவெலயில. கூட்டினா மொத்தப் பூசணிக் காசு. அர்த்தம் ஈக்கே!”

“பக்கத்துல உள்ளது?”

“அது பூசணி விலைக்குக் கத்தரிக்காய் விக்கிறது. அதுக்கு இல்ல.”

டீச்சர் புள்ளித்திட்டத்தில் தான் எழுதிய ‘அர்த்தம் இல்லை’யைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “ஐயோ சேர், இதக் கண்டுபிடிச்ச புள்ளைக்கு நான் பூச்சியம் போட்டிருப்பேன்.”

“அதனாலதான் சொல்றேன், எடுத்துருங்க.”

“அதனாலதான் சேர், இருக்கட்டுமே.”

“மிஸ், மெசின் சூடாகுது, அடிக்கவா வேணாமா?” என்றார் கடைக்காரர்.

எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. இருவருக்கும்.

4.

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் கேள்வி அச்சாகி, நாலு ஸ்டாஃப் ரூமிலும் இதே சண்டை. மற்றதில் டீச்சர் அதை எடுத்துவிட்டு வெறும் பெருக்கல் வைக்கிறார், விடைத்தாள் திருத்தம் ஒரே நாளில் முடிந்து... அதை முடிக்க மனம் வரவில்லை. உண்மையில், என் பில்லை வாங்கிக்கொண்டு நான் போய்விட்டேன்.

ஆகவே நீங்கள் திருத்துங்கள். அந்தக் கடைசி வரிக்கு ஒரு பிள்ளை, ‘பாதிக்கு அர்த்தம் இருக்கிறது, பாதிக்கு இல்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஐந்து புள்ளிக்கு எத்தனை போடுவீர்கள்? கீழே பதில் எழுதுங்கள். காரணமும் தருக.