நாலாவது கூடு

துறைமுகத்தில் அவளுக்குச் சட்டக்காரி என்று பெயர். பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலுக்குள் இறங்குவாள். பவளப்பாறை மேல் அளவு நாடாவை விரித்து, சட்டத்தை வைத்துப் படம் எடுத்து, எத்தனை பங்கு வெளுத்திருக்கிறது என்று எழுதி வருவது அவள் வேலை. “கடலுக்கே சட்டம் போடப் போறா எங்க வீட்டு அம்மணி” என்று முதலில் கிண்டலடித்தது அக்கா புருஷன்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கோடையில் கடல் சூடேறி முக்கால் பாறை வெளுத்தது. தனக்குள் குடியிருந்து சோறு போட்ட நுண்பாசியைப் பவளம் துப்பிவிட, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. உயிர் இன்னும் போகவில்லை. தண்ணீர் குளிரும்வரை, மேலே படரும் பாசியை மேய்கிற மீன்களையாவது விட்டுவைக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினாள். ஒரே வாரத்தில் அலுவலகம் அங்கே மீன்பிடிக்கத் தடை போட்டது. அதன்பின் சட்டக்காரி என்று கூப்பிட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

தடை வந்த பன்னிரண்டாம் நாள் காலை அத்தான் தனியாகப் படகெடுத்துப் போனார். மாலையில் படகு மட்டும் கவிழ்ந்து மிதந்தது. ஆள் கிடைக்கவில்லை.

“பக்கத்துல மூடிட்டாங்க. மனுஷன் தூரமாப் போய் மாட்டிக்கிட்டான்” என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

அக்காவோடுதான் அவள் குடியிருந்தாள். இரண்டு அறை வீடு. அக்கா திட்டவில்லை, அழவில்லை. சாப்பாட்டை எடுத்து வைப்பாள், போய்ப் படுத்துக்கொள்வாள். குளியலறைக் கொடியில் முக்குளிப்பு உடை சொட்டும்போது மட்டும் எழுந்து போய், சத்தம் கேட்காதபடி அதன் கீழே ஒரு துணியை விரித்துவிட்டு வருவாள்.

அடுத்த முறை இறங்கியபோது வெள்ளைக் கிளைகள் எல்லாம் விரல்களாகத் தெரிந்தன. ஒவ்வொரு இடுக்கிலும் குனிந்து பார்த்தாள். எதைத் தேடுகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளப் பயமாக இருந்தது. கூட இறங்கியவள் நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள். அப்போது, அலை உடையும் வெளிவிளிம்புக்குப் பக்கத்தில் ஒரு மீன்கூடு கண்ணில் பட்டது. உள்ளே போன மீன் வெளியே வர முடியாத கம்பிக் கூடு. அதில் அடையாளத்துக்குக் கட்டியிருந்தது அக்காவின் பழைய பச்சைப் புடவைத் துண்டு.

செத்த மீனைத் தேடி வந்த மீன் மாட்டி, அது சாக, அதைத் தேடி அடுத்தது வந்து மாட்டியிருந்தது. ஆளில்லாமலே கூடு வேலை செய்துகொண்டிருந்தது. கயிற்றை அறுத்துக் கதவைத் திறந்தாள். உயிரோடிருந்த மூன்று மீன்களும் நகரவில்லை. கையை விட்டுத் தள்ளிய பிறகுதான் ஒன்று வெளியே போனது.

அப்போது அவளுக்கு அந்த இன்ஜின் சத்தம் நினைவுக்கு வந்தது. அத்தான் போன காலையில் அவளும் இதே இடத்தில்தான் கடலடியில் இருந்தாள். தலைக்கு மேலே ஏதோ விரைந்து கடந்தது. மேலே வந்து பார்த்தால் படகோட்டி தார்ப்பாயைப் போர்த்தி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“எங்கண்ணே போயிட்டு வந்தீங்க?”

“நான் எங்கம்மா போனேன்?” என்று விழித்தார். அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பச்சைத் துணியை அடுப்பு மேடையில் வைத்தாள். அக்கா அதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

“தெரியும்டி. அவர் தூரமெல்லாம் போகல. கூட்டை எடுக்கத்தான் போனாரு. ‘உன் தங்கச்சி கண்ணுல பட்டா அவளுக்குத்தான் சங்கடம், அதுக்குள்ள எடுத்துடறேன்’னாரு. அவ எப்ப வருவான்னு கேட்டாரு. நாளைக்குத்தான்னு நான்தான் சொன்னேன்.”

அத்தான் போனதற்கு மறுநாள்தான் அளவெடுப்பு இருந்திருக்க வேண்டும். காற்று வலுக்கும் என்று எச்சரிக்கை வந்ததால் ஒரு நாள் முன்னதாகவே இறங்கினார்கள். விடியுமுன் கிளம்பியவள் அக்காவை எழுப்பிச் சொல்லவில்லை.

“சத்தம் கேட்டுச்சுக்கா. எங்க படகுன்னு நெனச்சிட்டேன்.”

“எந்தப் பக்கம் போச்சு?”

“வெளிப்பக்கம். அலை உடையுற பக்கம்.”

“உன் படகப் பார்த்துட்டு ஓடியிருக்காரு.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவர் போனதிலிருந்து அன்றுதான் அழுதாள். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இதையும் எழுதுவியா?”

“எழுதணும்க்கா. எத்தனை கூடுன்னு மட்டும்தான். பேரு கேக்க மாட்டாங்க.”

“அப்ப சரியா எழுது. அவர் போட்டது நாலு.”

மறுநாள் அக்காவும் படகில் ஏறினாள். படகோட்டி நகர்ந்து இடம் விட்டார். சாயங்காலம்வரை தேடியதில் இன்னும் இரண்டு கிடைத்தன. திறந்து, மேலே ஏற்றினார்கள். நாலாவது கிடைக்கவில்லை.

மழை வந்து கடல் குளிர்ந்தது. ஆழத்தில் இருந்த பவளங்கள் சில மறுபடி நிறம் பிடித்தன. மற்றவற்றின் மேல் பழுப்புப் பாசி மூடியது. தடை நீங்கிய பிறகும் போனவர்கள் வெறும் வலையோடு வந்தார்கள். பக்கத்து வீட்டார் வேலை தேடி ஊரைவிட்டே போனார்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அக்கா இப்போதும் படகில் வருகிறாள். விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தங்கையின் தலை மேலே வந்ததும், மூச்சு வாங்கக்கூட விடாமல் கேட்கிறாள்.

“கிடைச்சுதா?”

எது என்று அக்கா சொல்வதில்லை. தங்கையும் கேட்பதில்லை.

“இல்லக்கா.”