வக்கீலின் குரலும் வைத்திக்குப்பத்து வலையும்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம், ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்பு, வக்கீல் அரிகிருஷ்ணனுக்குத் தன் குரல்மேல் காதல் வந்தது. முன்பும் இருந்ததுதான். ஊருக்குத் தெரிந்தது அப்போதுதான்.

வைத்திக்குப்பத்தை ஒட்டி, ஒரு வெள்ளைக்கார வியாபாரி விட்டுப்போன கிடங்கு இருந்தது. உயரமாக வளைந்த கூரை, குறுக்கே உத்திரங்கள். அந்த உத்திரங்களில்தான் குப்பத்துப் பெண்கள் வலை காயப்போடுவார்கள். பருத்தி நூல் வலை. மழைக்காலத்தில் ஈரத்தோடு கிடந்தால் மக்கிப்போகும். அந்தக் கூரையை விட்டால் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

தமிழ் மன்றத்துக்கு இடம் பார்க்க வந்த வக்கீல், வலைகளுக்கு நடுவே நின்று சும்மா ஒரு வரி பேசிப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் உரித்த சுளைபோலத் தனித்தனியாக விழுந்தது. அவருக்கே மெய்சிலிர்த்துவிட்டது.

“பாத்தியாய்யா! வெள்ளக்காரன் கட்டடம்னா சும்மாவா? என்னா வளைவு, என்னா கணக்கு!” என்றார், கூட வந்த மைக்செட் தெய்வசிகாமணியிடம். “இங்க ஒன் மைக்கே வேணாம் போல.”

“மைக் இல்லாம கூட்டமாங்க?” என்றார் தெய்வசிகாமணி அவசரமாக.

வலைக்காரப் பெண்களுக்காகச் சொர்ணம் கும்பிட்டுக் கேட்டாள். “ஐயா, மழ முடியிற வரிக்கும் உட்டுடுங்க. வல போச்சின்னா எங்க சோறே போச்சி.”

“இது கலை வளக்குற எடம்மா. கருவாட்டு நாத்தத்துல கலை வளருமா?”

சொர்ணம் அழுதுகொண்டே வலைகளை இறக்கினாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வழவழவென்று தேய்த்தார்கள்.

திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டது. நானும் கடைசி வரிசையில் இருந்தேன். வக்கீல் எழுந்து, “பெரியோர்களே!” என்றார். கூரை, “யோர்களே, ஓர்களே” என்றது. அவர் “தாய்மார்களே” என்பதற்குள், போன பெரியோர்கள் திரும்பி வந்து தாய்மார்கள்மேல் மோதினார்கள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பும் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. ஒரு சிரிப்புக்கு நாலு அவமானம். அதில் என் பங்கும் உண்டு.

“மைக்க கூட்டுய்யா!” என்றார் வக்கீல். தெய்வசிகாமணி மனசாரக் கூட்டினார். நாலு வக்கீல்கள் ஒரே கேஸுக்கு அடித்துக்கொள்வதுபோல் கேட்டது.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. மணலில் காய்ந்த வலைகளை வாரிக்கொண்டு சொர்ணமும் பெண்களும் உள்ளே புகுந்தார்கள். வலை நனையும்போது விழாவாவது வெங்காயமாவது! பழைய வழக்கப்படி உத்திரத்தில் வீசி, இழுத்து, மடிமடியாக மாட்டினார்கள்.

“யாரு இவங்கள உள்ள உட்டது?” என்று வக்கீல் கத்தினார். பாதி வலை ஏறியிருந்தது. கூரை ஒரே ஒரு தடவைதான் முனகியது.

“எறக்குங்க! வெளிய போங்க!” வலை முழுதும் ஏறிவிட்டது. ஒவ்வொரு சொல்லும் மறுபடி உரித்த சுளை. வக்கீல் அண்ணாந்து வலைகளைப் பார்த்தார்.

“இப்பதாங்க நல்லா கேக்குது, பேசுங்க!” என்று கடைசி வரிசை குரல் கொடுத்தது.

பயந்துபோன சொர்ணம் வலையை இறக்கக் கைநீட்டினாள்.

“தொடாத!” என்று அலறினார் வக்கீல். அந்த அலறல்கூட இனிமையாக இருந்தது.

சொர்ணத்துக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. “கருவாட்டு நாத்தம் வருமே ஐயா?” என்றாள் பவ்யமாக.

“மூக்குதானம்மா. பொத்திக்கலாம்.”

மழைக்காலம் முழுக்கக் கிடங்குச் சாவி சொர்ணத்தின் இடுப்பில் இருந்தது. மழை நின்று கடல் தெளிந்த பிறகும் அங்கேயேதான் இருந்தது. கூட்டம் வைத்த ஒரு சாயங்காலம், வக்கீல் கரையில் நின்று கட்டுமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மீனுக்கா நிக்கிறீங்க ஐயா?” என்றாள் சொர்ணம்.

“வலைக்கும்மா.”

“இன்னிக்கி வராதுங்க. மீன்பாடு நல்லாருக்கு, வலையோட மறுபடி போறாங்க. கூட்டத்த நாளைக்கி வச்சிக்குங்க.”

வக்கீல் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் தெய்வசிகாமணியின் ஒலிபெருக்கி முத்தியால்பேட்டைத் தெருக்களில் ஆனந்தமாக முழங்கியது: “கடலில் மீன்பாடு நன்றாக இருப்பதால், இன்று சொற்பொழிவு கிடையாது!”