வேடசந்தூர் வரை எட்டாத குண்டு

எல்லையில் சண்டை மூண்டு நாலாவது நாள். திண்டுக்கல்லில் வெயிலைத் தவிர எதுவும் விழவில்லை. ஆனாலும் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததிலிருந்து குண்டு மழைதான். ஒரே அணுகுண்டில் தமிழ்நாடே சாம்பலாகும் என்று ஒருவர் எழுத, கடலே கொதிக்கும் என்று இன்னொருவர் எழுத, தெரு நலச் சங்கச் செயலாளர் அழகர் பொறுக்கமாட்டாமல் ஆனந்த்ராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியாரு. உண்மையச் சொல்லுங்க. ஒரு குண்டுக்கு அம்புட்டுப் பவரா?”

ஆனந்த்ராஜ் ஓய்வு பெற்று இரண்டு வருடம். மனைவி இறந்து மூன்று வருடம். மகள் இசைவாணி கல்யாணமாகி அயர்லாந்தில் இருக்கிறாள். அவரிடம் யாரும் எதையும் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. அணுகுண்டைப் பற்றிக் கேட்டதற்காகச் சந்தோஷப்பட்ட மனிதர் அன்றைக்கு இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மாவட்ட வரைபடத்தை மேசையில் விரித்து, காம்பஸ் முள்ளை ஊர் நடுவே மலைக்கோட்டையில் ஊன்றி ஒவ்வொரு வட்டமாகப் போட்டார்.

“ஹிரோஷிமாவுல போட்ட அளவுன்னு வச்சுக்குங்க. ஒன்றரை கிலோமீட்டர், இதுக்குள்ள வீடு நிக்காது. ரெண்டு கிலோமீட்டர் வரைக்கும் வெளிய நிக்கிறவன் தோலு வெந்துரும். அஞ்சு வரைக்கும் கண்ணாடி ஒடஞ்சு மேல பாயும்.”

“அதுக்கு அங்கிட்டு?”

“அடி அம்புட்டுதான். பெரிய குண்டுன்னா வட்டமும் பெருசாகும். ஆனா எதுக்கும் ஒரு ஓரம் உண்டு.”

“அப்பாடா” என்றார் அழகர். பிறகு வரைபடத்தில் தன் கடையைத் தேடினார். அது முதல் வட்டத்துக்குள் இருந்தது. ஆனந்த்ராஜின் வீடும் அங்கேதான். அழகர் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

தனியானதும் ஆனந்த்ராஜின் கை காம்பஸை விரித்துக்கொண்டே போய் வேடசந்தூரில் நின்றது. இருபது கிலோமீட்டர். “எட்டாது” என்று வாய்விட்டே சொன்னார். கண் கலங்கியது.

அங்கே அவருடைய அக்கா செபஸ்தியம்மாள் தனியாக இருக்கிறாள். நூல் மில்லில் ஷிப்ட் பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். ஆறு வருடமாகப் பேச்சில்லை. இசைவாணி கல்யாணத்துக்கு நானூறு வீடு ஏறி, வெற்றிலை பாக்குத் தட்டோடு பத்திரிகை வைத்தார் மனிதர். கடன் கேட்டால் தராத தூரத்துச் சொந்தத்துக்குக்கூட வைத்தார். அக்காவுக்கு மட்டும் போனில் படமாக அனுப்பினார். நம் வீட்டு ஆளுக்கு எதற்கு அழைப்பு என்று நினைத்தார். முதல் தட்டு தன் வீட்டுக்குத்தான் வரும் என்று வாசல் தெளித்துக் காத்திருந்த அத்தைக்காரி கல்யாணத்துக்கு வரவில்லை. தம்பி மனைவியின் சாவுக்கு வந்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலோடு திரும்பிவிட்டாள்.

அடி எட்டாது, சரி. கதிர்வீச்சுச் சாம்பல்? தெற்குக் காற்று அடித்தால் அது வேடசந்தூர்ப் பக்கம்தானே போகும்? இரண்டு நாள் வெளியே வரக்கூடாது, தண்ணீர் பிடித்து மூடி வைக்க வேண்டும். யார் சொல்வார்கள் அவளுக்கு? போன் செய்தால் எடுக்கமாட்டாள். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஆறு வருடமாகக் கிடைக்காத காரணம் கிடைத்துவிட்டது.

செபஸ்தியம்மாள் கதவைத் திறந்தாள். வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. அவர் வாசலில் நின்றபடியே வரைபடத்தை விரித்து மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

“உன் வீடு எங்கனக்குள்ள இருக்கு?” என்றாள்.

முதல் வட்டத்துக்குள் விரலை வைத்தார்.

அவள் அந்த விரலையே பார்த்தாள். முகம் இளகியது. உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்தாள். “அங்க எதுக்குலே தனியாக் கெடக்குற? இங்கன வந்து…”

அடுத்த வீட்டு டிவி அலறியது. சண்டை நிறுத்தமாம். தெருவில் யாரோ கை தட்டினார்கள்.

அக்காவின் கை நாற்காலியை விட்டது. 

“நானூறு வீடு ஏறுன காலு. எங்க வீட்டுப் படி ஏற ஒரு அணுகுண்டு வேண்டியிருக்கு, இல்ல?”

“அக்கா, அப்புடி இல்ல…”

“குண்டுப் பேச்சு இல்லன்னா வந்துருப்பியா?”

ஊருக்கெல்லாம் பதில் சொன்ன வாத்தியாருக்கு இதற்குப் பதில் தெரியும். வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

“அஞ்சே முக்காலுக்கு பஸ் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸில் எல்லோருடைய போனும் கிணுகிணுத்தது. ஒரு அம்மாள் பை நிறைய இருந்த முறுக்கை முன் பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழகர் குழுவில் பத்துக் கும்பிடு போட்டிருந்தார். ஆனந்த்ராஜ் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சண்டை இன்னும் ஒரு மணி நேரம் நீடித்திருந்தால் அக்கா உட்காரச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தார்.

நினைத்த மாத்திரத்தில் உடம்பெல்லாம் கூசிற்று. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் திரும்பிக்கொண்டார்.