ஒரிஜினல் கைப்பிடி

அக்கா உட்காரும் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி உடைந்ததிலிருந்து, அத்தான் வெளியே நின்று திறந்துவிட்டால்தான் அவள் அவருடைய அந்தப் பழைய வெளிநாட்டுக் காரைவிட்டு இறங்க முடியும். வேறு மாட்டச் சொன்னால், "இந்த வண்டிக்குப் போய் டூப்ளிகேட்டா? ஒரிஜினல் வரட்டும்" என்பார். போகிற இடத்தில் அரட்டையில் அவளை மறந்துவிடுவார். அவள் கண்ணாடியைத் தட்டினால், "மகாராணி இறங்கணுமாம்" என்று எல்லோரையும் சிரிக்கவைப்பார்.

ஒருநாள் ஏரிக்கரைச் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு சிகரெட் வாங்கப் போனார். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. அக்காவோடு வண்டி உருண்டு தண்ணீருக்குள் போனது. அவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வண்டியை மீட்டுப் புதுப்பித்தார். கைப்பிடி கப்பலில் வந்துவிட்டது என்று என்னை ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்தார். அவர் வாயிலிருந்து வருத்தமாக ஒரு வார்த்தையாவது வராதா என்றுதான் போனேன்.

மெக்கானிக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கினார். "உக்காந்து பாருங்கம்மா."

அக்காவின் இடத்தில் உட்கார்ந்தேன். அத்தான் கதவைச் சாத்தினார். நான் கைப்பிடியை இழுத்ததும் கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. அத்தான் முகமெல்லாம் மலர்ந்தது.

"வெண்ணெய் மாதிரி போகுது பாத்தியா? உங்க அக்காவுக்குத்தான் குடுத்து வெக்கல."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.