ஆறாவது வழக்கேடு

நீதவான் பதவிக்கான எழுத்துப் பரீட்சையில் சுதர்சினி தேறிவிட்டாள். வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு. அதற்கு ஆறு வழக்கேடுகளின் பிரதிகளைக் கொண்டுபோக வேண்டும். ஆறிலும் அவளே சட்டத்தரணியாக நின்று சாட்சிகளை விசாரித்திருக்க வேண்டும். அடுத்த தடவை விண்ணப்பிக்க வயது இடம் கொடாது.

பன்னிரண்டு வருடத் தொழில். ஆறு என்ன, அறுபது கிடைக்கும் என்று நினைத்துத்தான் செவ்வாய்க்கிழமை காலை பதிவறைக்குப் போனாள். எழுதுநர் ஒஸ்வால்ட் கட்டுக் கட்டாக அவிழ்த்துப் பார்த்தார்.

“இதிலயும் நீங்க மொழிபெயர்ப்பாளர்தான் மிஸ்.”

“அதுக்கு முந்தினது?”

“அதுவும் அப்பிடித்தான். சம்பளம் இல்லாம கவர்மென்ட் வேல பாத்திருக்கிறீங்க.”

“சிரிக்காதீங்கண்ணே. தேடுங்க.”

இது எப்படி நேர்கிறது என்றால், அந்த நீதிமன்றத்தில் எல்லாமே சிங்களத்தில் பதிவாகும். தமிழில் பேசும் சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அங்கிருந்த மூன்று மன்றுகளுக்கும் சேர்த்து ஒருவர்தான் இருந்தார். அவர் வராத நாளில் நீதவான் சட்டத்தரணிகளின் மேசையைப் பார்ப்பார். தமிழ் தெரிந்த ஒருவர் எழுந்து, சத்தியம் செய்து, மொழிபெயர்ப்பார். மொழிபெயர்க்கிறவர் ஒரு பக்கத்துக்காக வாதாட முடியாது அல்லவா? ஆகவே அவருடைய கட்சிக்காரருக்காக வேறொருவர் வாதாடுவார். ஏட்டில் சட்டத்தரணி என்று ஏறுவது அந்த வேறொருவரின் பெயர். நீதவானுக்கே தமிழ் விளங்கினால் இவ்வளவும் தேவைப்படாது.

பதினொரு மணிக்குள் ஐந்து ஏடுகள் அகப்பட்டன. ஆறாவது, அன்று அவள் நடத்தவிருந்த விசாரணை.

எதிரிக் கூண்டில் சுதர்சினியின் கட்சிக்காரி பாக்கியலெட்சுமி நின்றாள். வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் வேலை செய்தவள். இரண்டு காப்புகளைத் திருடினாள் என்று வழக்கு. பிணை நிற்க ஆளில்லாமல் ஒன்பது வாரமாக விளக்கமறியலில் இருந்தாள். சாட்சி, தமிழ் மட்டும் பேசும் வீட்டுக்காரி கோமளவல்லி. அவரிடம் கேட்கச் சுதர்சினி ஒரே ஒரு கேள்வியை வைத்திருந்தாள்: அந்த வாரம் பெயின்ட் அடிக்க வந்தவர்களிடமும் வீட்டுச் சாவி இருந்ததா?

மொழிபெயர்ப்பாளர் வரவில்லை.

நீதவான் மேசையைப் பார்த்தார். தமிழ் தெரிந்தவள் அவள் மட்டும்தான். எழாவிட்டால் வழக்கு நான்கு மாதம் தள்ளிப் போகும். பாக்கியலெட்சுமி வெலிக்கடைச் சிறைக்குத் திரும்புவாள். சுதர்சினி எழுந்தாள். பக்கத்தில் இருந்த சிங்களச் சட்டத்தரணி ஷெல்டனிடம் கோப்பைத் தள்ளி, சாவி பற்றிய வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். “மறக்காம இதக் கேளுங்க, ஷெல்டன்,” என்றாள் சிங்களத்தில்.

“ஓம் ஓம், பாத்துக்கொள்றன்,” என்றான் அவன், தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில்.

கோமளவல்லி சொன்னதையெல்லாம் அவள் சிங்களத்தில் திருத்தமாகச் சொன்னாள். காப்பின் எடையைச் சொன்னாள். “அவளைத் தவிர வேறு யாரும் அறைக்குள் போகவில்லை” என்பதையும் சொன்னாள். ஷெல்டன் மூன்று கேள்விகள் கேட்டான். சாவியைக் கேட்கவில்லை. கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்தான். மொழிபெயர்ப்பாளர் கேட்கப்பட்டதை மட்டும்தான் சொல்லலாம். சுதர்சினி அவனையே பார்த்தபடி நின்றாள். அவன் அடுத்த வழக்கின் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

சாட்சி இறங்கினார். பாக்கியலெட்சுமி தன் தரப்பில் சொல்ல இருந்ததும் பத்து நிமிடத்தில் முடிந்தது. குற்றவாளி, ஆறு மாதம். அதையும் சுதர்சினிதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

சிறைக் காவலர் கூட்டிப்போகும்போது பாக்கியலெட்சுமி படியருகே நின்றாள்.

“மிஸ், எனக்காகப் பேசுறேன்னு சொன்னீங்களே. அந்தம்மா சொன்னதையே நீங்களும் சொல்லிக்கிட்டு நிக்கிறீங்க?”

“அது என் பேச்சு இல்ல பாக்கியம். அவங்க பேச்சத்தான் நான்…”

“ஒங்க வாயாலதான கேட்டேன்.”

காவலர் அவளுடைய முழங்கையைப் பிடித்தார். சுதர்சினி மேசைக்குத் திரும்பி ஏட்டைப் பார்த்தாள்: சட்டத்தரணி என்ற இடத்தில் ஷெல்டனின் பெயர், மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் அவளுடையது.