அனுமதி பட்டன்

எங்கள் சலவை நிறுவனத்தின் மேலாளரை எல்லோரும் மாப்பிள்ளை சார் என்றுதான் சொல்வோம். முதலாளியம்மாவின் மகளைக் கட்டியவர். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத்துணி எல்லாவற்றையும் துவைத்துத் தேய்த்து அன்றே திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். ஒவ்வொரு ஆர்டரும் அவருடைய கணினியில் வந்து நிற்கும். அவர் 'அனுமதி' என்ற பட்டனை அழுத்துவார். அது டிங் என்று பச்சையாகும். அழுத்தி அழுத்தி அவருடைய மவுஸில் இடது பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கும்.

போன வாரம் முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, இங்க உங்களுக்கு வேலை கம்மியாத் தெரியுது. வெளியில இருக்கற கிடங்கைப் போய்ப் பாத்துக்குங்களேன்." கிடங்கில் சோப்புத்தூள் மூட்டைகளும் ஒரு காவலாளியும்தான் உண்டு. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அவர் அறை வாசலில் இருக்கும் என் மேசைக்கு வந்தார். இந்த நிறுவனத்தின் ஒரே கணினி ஆள் நான். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என் தலையில்தான் விடியும்.

"கம்ப்யூட்டர்ல அந்த ஏஐ ஏஜென்ட் இருக்கே, அதுகிட்ட நம்ம சாஃப்ட்வேரைக் குடு. நான் இல்லாட்டி இந்தக் கம்பெனி ஒரு அடி நகராதுன்னு அது வாயாலயே சொல்லட்டும்."

"சார், அப்படிக் கேட்டா நமக்குப் புடிச்ச மாதிரி எதையாவது சொல்லி வெச்சிடும். பொதுவாக் கேக்கறதுதான் நல்லது."

"பொதுவாவே கேளு. ஆனா பதில் நான் சொன்னதா இருக்கணும்."

அந்த மென்பொருளை எழுதியது அவர் மனைவி, கல்யாணமான புதிதில். இப்போது அந்த அம்மா வேறு வேலையில் இருக்கிறார். அவர் போன பிறகு அதைத் திறந்து பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நன்றாக ஓடுவதை நோண்டுவானேன்?

நான் ஏஜென்ட்டுக்குத் தட்டினேன்: இந்த நிரலைப் படி. எதையும் மாற்றாதே. ஓர் ஆர்டர் வந்ததிலிருந்து வண்டியில் ஏறும்வரை என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்.

"மரியாதையாக் கேளுப்பா. காரியம் ஆகணும்ல" என்றார் என் தோளுக்கு மேலிருந்து. பிறகு, "அத்தைக்குப் புரியற மாதிரி எழுதச் சொல்லு. முடிஞ்சதும் நேரா அத்தைக்கே மெயில் போகட்டும். நடுவுல நாம கை வெச்சோம்னு பேர் வரக்கூடாது."

அப்படியே சேர்த்தேன். கொஞ்ச நேரத்தில் அறிக்கை வந்துவிட்டது. "அன்புள்ள அத்தைக்கு" என்று ஆரம்பித்திருந்தது.

"பாரு, அதுக்கு இருக்கற மரியாதை உங்க யாருக்கும் இல்ல" என்றார்.

மேலே படித்தோம். "ஆர்டர் வந்தவுடன் சலவை இயந்திரத்தின் வரிசையில் சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகுதான் மேலாளரின் திரையில் தெரிகிறது. மேலாளர் அனுமதி பட்டனை அழுத்தினால் அது பச்சையாகிறது. எல்லோருக்கும் ஒரு மணிச் சத்தம் கேட்கிறது. அழுத்தாவிட்டால் பச்சையாவதில்லை. வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தென்படவில்லை."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "தப்பு. திரும்பப் பாக்கச் சொல்லு."

சொன்னேன். "மறுபடி பார்த்தேன். ஒரு தவறு செய்திருக்கிறேன், மன்னிக்கவும்" என்று பதில் வந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மணிச் சத்தம் எல்லோருக்கும் கேட்பதில்லை. மேலாளரின் கணினியில் மட்டும்தான் கேட்கிறது."

"நானே சோதிச்சுப் பாக்கறேன்" என்று போய் உட்கார்ந்தார். அடுத்த ஆர்டர் வந்தது. பழக்கதோஷத்தில் அழுத்திவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே சலவைக்கூடத்தைப் பார்த்தோம். தள்ளுவண்டிகள் நகர்ந்தன. ஆவி பறந்தது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. விரிப்புகள் மடிந்து, கட்டாகி, வண்டி ஏறின. கிளம்பும்போது ஓட்டுநர் வழக்கம்போல மேலே பார்த்துக் கையாட்டினார். திருப்பி ஆட்ட இவருக்குக் கை இல்லை.

காலையிலிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஏம்மா, அந்தப் பட்டன் எதுக்குமே இல்லையாமே?"

"இப்பதான் தெரிஞ்சுதா? நீங்க சாப்பிடப் போனா சீக்கிரம் வரமாட்டீங்க. ஈரத் துணி நாறிப்போகும். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"மாத்தட்டுமான்னு கேட்டேனே. யோசிச்சு அனுமதி தர்றேன்னீங்க. இன்னும் தரலை."

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா கையில் அறிக்கையோடு உள்ளே வந்தார். மாப்பிள்ளை சார் எழுந்து நின்றார். கிடங்கின் சோப்புத்தூள் நெடி இப்போதே மூக்கில் ஏறியதுபோல ஒரு தும்மல் போட்டார்.

முதலாளியம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் வந்தார். "என் ரூம்லயும் ஒரு பட்டன் இருக்கு. 'இறுதி அனுமதி'ன்னு. அதைப் பத்தி இதுல ஒண்ணும் காணோமே?"

கேட்டேன். பதில் வந்தது. வேறு வழியில்லாமல் உரக்கப் படித்தேன். "அன்புள்ள அத்தைக்கு, அதுவும் அப்படித்தான். ஆனால் மணி இரண்டு முறை அடிக்கும்."

முதலாளியம்மா போன் பக்கம் குனிந்தார். "எனக்குமாடி?"

"அம்மா, நீங்க மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அழுத்தறதுக்குள்ள ஓட்டல்காரன் வேற ஆளைப் பாத்துடுவான்."

முதலாளியம்மா ஜன்னல் வழியாகக் கீழே ஓடும் வேலையைப் பார்த்தார். பிறகு, "மாப்பிள்ளை இங்கயே இருக்கட்டும்" என்றார்.

"அத்தை, கிடங்கு..."

"உங்களை அங்க அனுப்பினா அடுத்தது நானும் வந்தாகணும். அங்க ஒரு நாற்காலிதான் இருக்கு."

என்னிடம் திரும்பினார். "அதுகிட்டச் சொல்லு, நல்லாப் பாத்துச் சொல்லிச்சு, போதும். இனிமே இதைப் பாக்கவே வேண்டாம்."

தட்டினேன். "சரி, அத்தை" என்றது ஏஜென்ட்.

அவரவர் அறைக்குப் போனார்கள். கதவுகள் திறந்தே இருந்தன. இடது பக்கத்திலிருந்து டிங் என்றது. வெகு நேரம் கழித்து வலது பக்கத்திலிருந்து டிங் டிங் என்றது. வண்டி அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தது.