கூப்பிட்டால் வரும் ஆறு

அந்த ஊர் ஆறு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். ஒருமுறை பேப்பர்காரர் வாய் தவறிச் சொல்லிவிட, கடைத்தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வெங்காய விலை இரண்டு மடங்கானது. அதிலிருந்து எல்லாரும் ஆற்றை 'அது' என்றே சொன்னார்கள். பெயருக்குப் 'போகிறவள்' என்று பொருள் என்றார் வாத்தியார். 'வருகிறவள்' என்றார்கள் வெள்ளத்தில் வீடிழந்தவர்கள். முதலில் அது பெண்ணின் பெயரா, ஆற்றின் பெயரா என்பதிலும் இரண்டு கட்சி இருந்தது.

வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இஸ்திரிக்காரிக்கு இதெல்லாம் தெரியாது. இறந்துபோன தன் அம்மாவின் பெயரை மகளுக்கு வைத்தாள்; அதுதான் ஆற்றின் பெயரும். தெரிந்தேதான் வைக்கிறாள் என்று மாமியார் நினைத்துக்கொண்டாள். மருமகளிடம் கேட்க கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இஸ்திரிக்காரி வாசலில் நின்று மகளை முதல்முறை கூப்பிட்டபோது ஆறும் வந்து படியில் நின்றது. அன்றோடு குழந்தை எல்லாருக்கும் 'பாப்பா' ஆனாள். அம்மா மட்டும் காலையில் அவள் காதோடு அந்தப் பெயரைச் சொல்லி எழுப்புவாள். மகள் பிடிவாதக்காரி, வேறு எந்தப் பெயருக்கும் திரும்பமாட்டாள்.

ஏழு வயதில் அவள் ஆற்று நடுவே மணல் திட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் திடீரென்று ஏறியது. திட்டு பாய் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. கரையிலிருந்து பெயரைச் சொல்ல வாயெடுத்த இஸ்திரிக்காரியின் கையைப் பக்கத்தில் நின்ற சைக்கிள் மெக்கானிக் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, வேணாம். இங்க நின்னு கூப்பிட்டா ஊரே மிஞ்சாது."

"இங்க கூப்பிடல. கைய விடு."

கரையோடு ஆற்றின் மேல்பக்கமாக ஓடி, கழுத்தளவு தண்ணீரில் இறங்கினாள். கூப்பிட்டால் ஆறும் கிளம்பும், மகளும் கிளம்புவாள்; யார் முந்துவார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டாள். மகள் திரும்பிப் பார்த்துத் தண்ணீரை நோக்கிக் காலை வைத்தாள். கால் ஈரமணலில் பட்டது. ஆறு அதற்குள் மொத்தமாக அம்மாவிடம் வந்து, இரண்டு மாடி உயரத்துக்கு அவள் முன்னால் நின்றிருந்தது.

அவள் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. மகளோ சேற்றில் மாட்டிய செருப்பை நிதானமாக இழுத்து எடுத்துக்கொண்டுதான் கரையேறினாள்.

"சும்மாதான் கூப்பிட்டேன். நீ போ," என்றாள் இஸ்திரிக்காரி. ஆறு போனது.

அதன்பின் தினமும் ஒருமுறை அவள் தண்ணீரில் இறங்கிக் கூப்பிடுவதும், ஜனங்கள் சைக்கிளோடு அக்கரைக்கு நடந்துபோவதும் வழக்கமாயின. பாலம் கட்டும் பேச்சு அடங்கிவிட்டது. மகளும் கல்யாணமாகி ஆறு போகும் வழியிலேயே வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போதும் அம்மா கூப்பிட்டால் ஆறு உடனே வந்து நிற்கிறது. தன் ஊரில் ஆற்று மணல் தெரிந்ததும் மகள் அடுத்த பஸ்ஸில் வருகிறாள்.